மரத்தில் மோதிரம் செய்து பரிசளிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக வீட்டு மொட்டை மாடியில் சின்ன மேசை போட்டு மர மோதிரம் செய்து வருகிறேன். பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பரிசு கொடுப்பதற்காகவே பெரும்பாலோர் கேட்கிறார்கள் என்பதால், பதில்களையும் அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மரம் விரலில் தாங்குமா? உடைந்துவிடாதா?

தாங்கும். ஆனால் நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் தாங்கும். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும். கட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கோடரியால் ஒரு போடு போட்டால் நார் போகும் வழியில் இரண்டாகப் பிளந்துவிடும். அதே கட்டையைக் குறுக்காக வெட்டப் பத்து போடு வேண்டும். மோதிரத்திலும் அதே கதைதான். ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டு, அதைச் சுற்றி அறுத்து மோதிரமாக எடுத்தால், வட்டத்தின் இரண்டு பக்கங்களில் நார் வளையத்தோடு சேர்ந்து நீளமாக ஓடும். அங்கே பலம். மற்ற இரண்டு பக்கங்களில் நார் வளையத்துக்குக் குறுக்கே நிற்கும். மோதிரத்தின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் என்றால், அந்த இடத்தில் நாரின் நீளமும் அவ்வளவுதான். கதவில் லேசாக இடித்தாலே சரியாக அங்கே விரிசல் விடும்.

மரக்கிளையைக் கத்தரிக்காய் நறுக்குவதுபோல வட்டமாக நறுக்கி, நடுவில் துளை போட்டுச் செய்வது இதைவிட மோசம். அதில் வளையம் முழுக்கவே பலவீனம்தான். மரம் காயும்போது தானாகவே வெடித்துவிடும்.

நான் முதலில் செய்தது தேக்குப் பலகையில் துளை போட்ட மோதிரம். என் மனைவிக்குக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் துணி பிழியும்போது இரண்டாகப் போனது. உடைந்த இரண்டு துண்டுகளையும் வைத்துப் பார்த்தபோதுதான் நார் விஷயம் கண்ணில் பட்டது.

அப்படியானால் எப்படிச் செய்வது?

மெல்லிய, நீளமான மரத் துண்டை (இதைத்தான் பட்டை என்கிறேன், மரத்தின் தோலை அல்ல) விரல் அளவுக்குச் சுருட்டி, சுற்றுக்குச் சுற்று ஒட்டிச் செய்யுங்கள். நார் வட்டத்தோடு சேர்ந்தே சுற்றி வரும். எந்த இடத்திலும் குறுக்கே நிற்காது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனில்கூட விரலால் நசுக்க முடியாத அளவுக்கு உறுதியாக இருக்கும்.

இன்னொரு வழி ஒட்டுப்பலகை மாதிரி. மூன்று மெல்லிய துண்டுகளை, நடுத்துண்டின் நார் மட்டும் குறுக்கே வருமாறு ஒட்டி, பிறகு துளை போட்டு அறுப்பது. ஒரு அடுக்கின் பலவீனமான இடத்தில் அடுத்த அடுக்கு பலமாக இருக்கும். வளைக்க முடியாத கெட்டி மரங்களுக்கு இது சரி. பக்கவாட்டில் மூன்று நிறக் கோடு தெரியும், அதுவும் ஒரு அழகுதான். முதல் முறை செய்பவர் சுருட்டும் முறையையே பிடித்துக்கொள்ளலாம். டிரில் மெஷின்கூட வேண்டாம்.

எந்த மரம் நல்லது?

சுலபமாகக் கிடைப்பது தேக்கு. பிளைவுட் கடைகளில் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வெனீர் என்ற பெயரில் மரத் தாள் கிடைக்கும். வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டாலே பத்து மோதிரத்துக்குப் போதும். பலகையில் ஒட்டிய வெனீரைத் தரப் பார்ப்பார்கள், தனித் தாளாகக் கேளுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கும்.

பூவரசு என் விருப்ப மரம். வைரம் பாய்ந்த பகுதி, அதாவது நடுவில் இறுகிய கெட்டி மரம், சாக்லேட் நிறத்தில் இருக்கும், தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். பலா முதலில் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப் போகச் செம்பழுப்பாக மாறும். தஞ்சாவூர் வீணைக்கு உடல் அந்த மரம்தான். வீணை வாசிக்கும் ஒருவருக்குப் பலாவில் மோதிரம் செய்து கொடுத்தால் அவருக்குச் சொல்லாமலே புரியும். புளிய மரத்தின் வைரம் கருஞ்சிவப்பு. ரொம்பக் கெட்டி, வளைப்பது சிரமம்.

ஆனால் பரிசு என்றால் நான் மரத்தின் பெயரைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். உங்கள் வீட்டிலேயே ஒரு மரம் இருக்கும். பழைய நிலைப்படியின் துண்டு, கால் உடைந்த கட்டில், ஊஞ்சல் பலகை, யாரும் தொடாத மத்து, பல்லாங்குழி, மூடி தொலைந்த அஞ்சறைப்பெட்டி. ஒரு பெண் தன் அண்ணனுக்கு மோதிரம் வேண்டும் என்று ஒரு முழ நீளக் கட்டையோடு வந்தார். சேலைத் தொட்டிலில் குழந்தை படுத்திருக்கும்போது துணி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை செருகுவார்களே, அது. அந்த வீட்டில் பிறந்த ஐந்து பேரும் அந்தக் கட்டைக்குக் கீழே தூங்கியவர்கள். என்ன மரம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த மோதிரத்தை வாங்கிக்கொண்ட அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை என்று பிறகு சொன்னார். பொன்னில் அதைச் செய்ய முடியாது.

பழைய மரத்தில் மூன்று விஷயம் பாருங்கள். உள்ளே ஆணி இருக்கிறதா, கரையான் தின்றிருக்கிறதா, மேலே பழைய பெயின்ட் இருக்கிறதா. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பகுதியைத் தேய்த்துத் தூளாக்காமல், அப்படியே அறுத்துத் தள்ளிவிட்டு உள் மரத்தை மட்டும் எடுங்கள்.

பழைய கட்டையிலிருந்து மெல்லிய பட்டை எப்படி எடுப்பது?

பக்கத்தில் இருக்கும் ஆசாரியிடம் போங்கள். இழைப்புளியால் நீளவாக்கில் இழைத்தால் சுருள் சுருளாக வருமே, அதுதான் நமக்கு வேண்டியது. தினமும் பட்டறையில் பெருக்கித் தள்ளுகிற பொருள்! கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரே நீளமாக நாலைந்து சுருள் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ரொம்பக் கனமாக எடுத்தால் சுருளில் சின்னச் சின்ன வெடிப்பு விழும். வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு, துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக அழுத்தினால் தட்டையாகிவிடும். கால் மில்லிமீட்டர் பட்டையானால் எட்டுச் சுற்று சுற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்குத் தெரியாமல் விரல் அளவு எடுப்பது எப்படி?

அவர் கழற்றி வைத்த மோதிரம் ஒன்று கிடைத்தால் வேலை முடிந்தது. உள்விட்டத்தை ஸ்கேலால் அளக்கலாம், அல்லது ஒரு மெழுகுவர்த்தியில் மாட்டி நிற்கும் இடத்தில் கோடு போடலாம். எந்த விரலுக்கான மோதிரம் என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நகைக் கடைக்காரர் சொல்லும் எண் தெரிந்தாலும் போதும். நம் ஊர் அளவு எண்ணோடு 40 கூட்டினால் ஏறக்குறைய உள்சுற்றளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். 12 என்றால் 52 மில்லிமீட்டர். அதை 3.14 ஆல் வகுத்தால் உள்விட்டம் சுமார் 16.5 மில்லிமீட்டர்.

நூலால் அளப்பதாக இருந்தால் சாயங்காலம் அளந்து பாருங்கள். காலையில் விரல் மெலிந்தும், வெயிலிலும் வேலை செய்த பிறகும் தடித்தும் இருக்கும். அகலமான மோதிரம் இறுக்கமாகத் தெரியும் என்பதால் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூட்டிச் செய்வது என் வழக்கம். சந்தேகம் வந்தால் கொஞ்சம் சின்னதாகச் செய்யுங்கள். சின்னதை உள்பக்கம் தேய்த்துப் பெரிதாக்கலாம், பெரிதைச் சின்னதாக்குவது தொல்லை.

செய்முறையை முழுதாகச் சொல்ல முடியுமா?

12 அளவு மோதிரம், 0.6 மில்லிமீட்டர் வெனீர், நாலு சுற்று என்று வைத்துக்கொள்வோம். சுவர்க் கனம், அதாவது மோதிரத்தின் தடிமன், 2.4 மில்லிமீட்டர் வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிது என்பதால் மொத்தம் சுமார் 24 சென்டிமீட்டர் பட்டை வேண்டும். 25 சென்டிமீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். முடிந்த மோதிரம் 6 மில்லிமீட்டர் அகலம் என்றால் பட்டையை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். ஓரங்கள் சுற்றும்போது கொஞ்சம் ஏறியிறங்கும், பிறகு தேய்த்துச் சமன் செய்ய இடம் வேண்டும். நார் பட்டையின் நீளத்தில் ஓட வேண்டும் என்பதை வெட்டும் முன் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டையின் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்துச் சரிவாக மெலிதாக்குங்கள். இதை விட்டுவிட்டால் உள்ளே ஒரு படி, வெளியே ஒரு படி நிற்கும். விரலுக்கும் உறுத்தும், சட்டையிலும் மாட்டும்.

அடுத்து, கொதிக்கும் தண்ணீரில் இருபது நிமிஷம். எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள், மோதிர அளவைவிடக் கொஞ்சம் சின்னதான ஒரு உருளையில் மெதுவாகச் சுற்றுங்கள். மார்க்கர் பேனா நல்ல உருளை. எங்காவது மடங்கி ஒடிகிற மாதிரி இருந்தால் அவசரப்படாமல் மறுபடியும் தண்ணீரில் போடுங்கள். சுற்றி முடித்ததும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு முழு நாள் காய வையுங்கள். மழைக் காலத்தில் இரண்டு நாள். ஈரம் உள்ளே இருக்கும்போது ஒட்டினால் பிறகு காய்ந்து சுருங்கி, அடுக்கு பிரியும்.

காய்ந்ததும் சுருள் தன் வடிவத்தில் நிற்கும். இப்போது உருளையைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். செல்லோ டேப்பைச் சுற்றிச் சுற்றி அளவு கூட்டலாம். அதன் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், பசை ஒட்டாது. சுருளை மாட்டி, ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை ஒரு சொட்டு வைத்து, விரலால் இழுத்துப் பிடித்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். இடைவெளி விழாமல் இறுக்கமாக இழுப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. ஒரு மோதிரத்துக்கு நாலைந்து சின்ன ட்யூப் ஆகலாம்.

பிறகு தேய்ப்பு. கண்ணாடித் துண்டின் மேல் 120 எண் உப்புத்தாளை வைத்து மோதிரத்தின் இரண்டு ஓரங்களையும் சமமாகத் தேய்த்து அகலத்தைக் குறையுங்கள். வெளிப்பக்கத்தையும் ஓரங்களையும் உருட்டி, 220, 400, 600 என்று போங்கள். உள் ஓரத்தை நன்றாக வழித்துவிடுங்கள். மோதிரம் வழுக்கிக்கொண்டு விரலில் இறங்குவதும் இறங்காததும் அங்கேதான். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல் முழுக்கப் போகும்வரை நில்லுங்கள். நூறு மோதிரம் செய்தாலும் இந்த இடத்தில் குறுக்கு வழி இல்லை.

பசையும் தூளும் உடம்புக்குக் கெடுதலா?

காய்ந்து இறுகிய பிறகு பசையால் விரலுக்குத் தொந்தரவு வருவது அரிது. செய்யும்போதுதான் கவனம் வேண்டும். உடனடிப் பசையின் ஆவி கண்ணைக் கரிக்கும், காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். பஞ்சு, பருத்தித் துணி மேல் இந்தப் பசை கொட்டினால் சட்டென்று சூடாகிப் புகை வரும், தோல் வெந்துபோகிற அளவுக்கு. அதனால் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஒருபோதும் இந்த வேலை செய்யாதீர்கள். பசையைப் பூச ஒரு துண்டு பாலித்தீன் தாளை விரலில் சுற்றிக்கொண்டால் போதும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அது வருடக்கணக்கில் தூளிலேயே வேலை செய்பவர்களை வைத்துச் சொன்னது என்றாலும், ஒரு மோதிரத்துக்கும் என்95 முகக்கவசம் போடுங்கள். ஈட்டி மரத் தூள் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். அரளியையும் எட்டியையும் தொடவே வேண்டாம், இரண்டும் விஷம். சேங்கொட்டை மரமும் அப்படியே, அதன் பால் பட்டால் தோல் புண்ணாகும்.

மேல்பூச்சுக்கு என்ன போடுவது? தேங்காய் எண்ணெய் போதுமா?

போதாது. தேங்காய் எண்ணெய் மரத்தில் காய்ந்து இறுகாது, எப்போதும் பிசுபிசுப்பாகவே இருந்து அழுக்கைப் பிடிக்கும். காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அதோடு தேன்மெழுகு சேர்த்துத் தேய்த்தால் மரத்தைத் தொடுகிற உணர்வு அப்படியே இருக்கும். ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை மறுபடி தேய்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

தினமும் போட்டுக்கொள்ளும் மோதிரத்துக்கு அதே உடனடிப் பசையையே மெல்லிய பூச்சாக ஆறு முதல் எட்டுத் தடவை பூசுவேன், உள்ளும் புறமும். கண்ணாடி போல இறுகி, தண்ணீரைத் தடுக்கும். கடைசியில் 1000 எண் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றுவேன். அரக்குப் பாலிஷ் அழகாக இருக்கும், ஆனால் சானிடைசர் பட்டாலே கரைந்துவிடும். கைக்குப் போடும் பொருளுக்கு அது ஒத்துவராது.

கருங்காலியில் செய்து தருவீர்களா? சந்தனம், செம்மரம்?

இப்போது அதிகம் வரும் கேள்வி கருங்காலிதான். கருங்காலி என்று நம் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரத்தைச் சொல்கிறார்கள். கன்னங்கரேல் என்று இருக்கும் எபனி வகை ஒன்று, கத்தக்காம்பு எடுக்கும் மரம் இன்னொன்று. கடையில் வாங்கும் கறுப்புத் துண்டு வேறு ஏதோ மரத்துக்குச் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். உண்மையான எபனி தண்ணீரில் போட்டால் மூழ்கும். கெட்டியானது, ஆனால் மொறமொறவென்று உடையும் குணம். சுருட்ட வராது. மூன்று அடுக்கு முறையில் மட்டும் செய்யுங்கள்.

சந்தனமும் செம்மரமும் ரசீது இல்லாமல் வாங்கவே கூடாது. அவற்றின் வெட்டும் விற்பனையும் கடுமையான சட்டத்துக்கு உட்பட்டவை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்புவதாக இருந்தால் செம்மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) இருக்கிறது, ஈட்டி மரமும் 2017 முதல் அந்தப் பட்டியலில் உண்டு. தேக்கு, பலா, பூவரசு என்றால் இந்தக் கவலையே இல்லை.

கருவி எதுவும் இல்லை. வேறு சுலபமான வழி உண்டா?

கொட்டாங்குச்சி! சிரட்டை மோதிரம் செய்யாத தென்னந்தோப்புப் பிள்ளைகள் உண்டா? தடிமனான முற்றிய சிரட்டைத் துண்டில் கத்தி முனையால் சுழற்றிச் சுழற்றித் துளை போட்டு, அரத்தால் விரல் அளவுக்குப் பெரிதாக்கி, வெளிப்பக்கத்தைச் சிமெண்ட் தரையில் தேய்த்தே வட்டமாக்கிவிடுவோம். சிரட்டையில் மரம் மாதிரி ஒரே திசையில் ஓடும் நார் கிடையாது. கல் போன்ற செல்கள் நெருங்கி அமைந்த பொருள் அது. அதனால் நார் வழியாகப் பிளக்கும் பிரச்சினையே வராது. 600 தாள் வரை தேய்த்து மெழுகு போட்டால் கறுப்பில் பழுப்புப் புள்ளிகளோடு மின்னும். ஒரு மதியத்தில் முடியும். குழந்தைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்லது தெரியவில்லை.

கல் அல்லது உலோகம் பதிக்கலாமா?

நடுவில் அரத்தின் ஓரத்தால் ஒரு மெல்லிய பள்ளம் எடுத்து, சாவி செய்யும் கடையில் கேட்டு வாங்கிய பித்தளைத் தூளை நிரப்பி, பசை விட்டுத் தேய்த்தால் பொன் கோடு போல நிற்கும். செம்புக் கம்பியும் பதிக்கலாம். பள்ளம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

நிச்சயத்துக்கோ திருமணநாளுக்கோ மர மோதிரம் கொடுத்தால் வீட்டில் ஒப்புக்கொள்வார்களா?

பொன் மோதிரத்துக்குப் பதிலாக என்றால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், அவர்கள் வருத்தத்துக்கும் காரணம் உண்டு. அதனால் பொன்னோடு சேர்த்து இதையும் கொடுங்கள் என்பேன். மேற்கு நாடுகளில் ஐந்தாவது திருமணநாளை மரத்துக்கான ஆண்டு என்பார்கள், அந்த வழக்கத்தை இங்கேயும் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செடிகொடியில் மோதிரம் போடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சடங்கில் உட்காரும்போது விரலில் மாட்டும் பவித்திரம் தர்ப்பைப் புல்தான்.

மின்வேலை செய்பவருக்கு மர மோதிரம் நல்ல பரிசு, உலோக மோதிரத்தை அவர்கள் வேலையில் கழற்றியே ஆக வேண்டும். விரல் வீங்கி மாட்டிக்கொண்டாலும் குறட்டால் நசுக்கி எடுத்துவிடலாம். சுழலும் இயந்திரத்தில் வேலை செய்பவர் மட்டும், மரமானாலும் கழற்றிவிட வேண்டும்.

தண்ணீரில் நனையலாமா?

கை கழுவலாம். பாத்திரம் துலக்கும்போதும், துணி துவைக்கும்போதும், குளிக்கும்போதும் கழற்றி வைப்பது நல்லது. அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி படவே கூடாது, பூச்சைக் கரைத்துவிடும்.

உடைந்துவிட்டால்?

அடுக்கு லேசாகப் பிரிந்திருந்தால் ஒரு சொட்டு பசை விட்டு நூலால் கட்டி, காய்ந்ததும் தேய்த்துப் பூசினால் சரியாகிவிடும். முழுதாக உடைந்தால் இன்னொன்று செய்யலாம். ஆனால் அதற்கு அதே மரம் வேண்டுமே. அந்தத் தொட்டில் கட்டைக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அளவை எழுதி, அதே கட்டையிலிருந்து எடுத்த இன்னொரு பட்டையைச் சுருட்டி, மோதிரத்தோடு அதே டப்பாவில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.